சவலைப் பிள்ளை

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாட்ஸ்அப் வந்த பிறகும் இன்லண்ட் லெட்டரில் மூலை முடுக்கெல்லாம் எழுதுகிற ஆள் நீ ஒருத்திதான். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அரிசியில் கிடக்கிற கல்லெல்லாம் தெரிகிறது, எனக்குத்தான் நிம்மதி போயிற்று.

சரி, பேரன் விஷயம். 14 மாதத்தில் 7.8 கிலோ என்று எழுதியிருக்கிறாய். தேரை விழுந்த பிள்ளை, மந்திரிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்கிறார். நம்ம பிள்ளைகள் வாகே சின்னது, பிள்ளைகளின் எடை சார்ட்டெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு என்று உன் மகன் சொல்கிறான். ஆச்சியை விடு, படித்த பிள்ளை இப்படிச் சொல்லலாமா? உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட சார்ட் அது. ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து போட்டார்கள், அதில் நம் டெல்லிப் பிள்ளைகளும் உண்டு. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமும் கிடைத்த பிள்ளைகள், எந்த ஊராக இருந்தாலும், ஐந்து வயது வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்ந்திருக்கின்றன. அந்தக் கணக்குப்படி 14 மாத ஆண் பிள்ளைக்கு நடுத்தர எடை 10 கிலோ. ஏறத்தாழ 8 கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைவு என்றுதான் எழுதுவார்கள்.

ஆனால் ஒரு நாள் எடையை வைத்து எதுவும் சொல்லக் கூடாது என்பது என் வேலை எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். 1980இல் உலக வங்கிக் கடனில் நம் மாவட்டத்தில் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கினார்களே, அதில்தானே நான் சேர்ந்தேன். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் தராசில் தொங்கவிடுவோம். கண் பட்டுவிடும் என்று பாதித் தாய்மார்கள் பிள்ளையை ஒளித்து வைப்பார்கள். எடையைக் குறிக்கிற அட்டையில் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். படுத்தால் சத்துருண்டை கொடுப்போம், ஏறினதும் நிறுத்துவோம்.

உன் பேரனின் கோட்டை நீயே எழுதியிருக்கிறாய், கவனித்தாயா? பிறக்கும்போது 2.9. ஐந்தாம் மாதம் 6.4, அதாவது இரட்டிப்புக்கு மேல், குறை சொல்ல முடியாது. ஒன்பதாம் மாதம் 7.6. அதற்கப்புறம் ஐந்து மாதத்தில் 200 கிராம்தான். அந்த ஒன்பதாம் மாதத்தில் என்ன நடந்தது? இன்னொரு பக்கத்தில், வேறு ஏதோ பேச்சில் சொல்கிறாய்: மருமகளுக்கு இப்போது ஐந்தாம் மாதம், தெரிந்தவுடனே தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னேன், கர்ப்பிணிப் பால் சேராது என்று.

இதற்கு நம் பாட்டிமார் வைத்த பேர் சவலை. அடுத்தது வயிற்றில் வந்ததும் பால் இல்லாமல் வாடிப்போகிற பிள்ளை. பயிற்சியில் ஒரு டாக்டரம்மா சொன்னது இன்றும் ஞாபகம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் உடம்பு வீங்கி, முடி செம்பட்டையான பிள்ளைகளைப் பார்த்தார். என்ன நோய் என்று தாய்மார்களைக் கேட்டதற்கு அவர்கள் சொன்ன சொல் குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை வந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வருகிற நோய் என்று அர்த்தமாம். எங்கேயோ இருக்கிற ஊர், நம் சவலை! உன் பேரனுக்கு அந்த வீக்கம் இல்லை, பயப்படாதே.

கோபித்துக்கொள்ளாதே சரோஜா, கர்ப்பிணிப் பாலில் விஷம் ஒன்றும் இல்லை. சாதாரணக் கர்ப்பமாக இருந்தால் தொடர்ந்து கொடுக்கலாம். போனது போகட்டும், அதற்குப் பதில் என்ன கொடுத்தாய்? பாதித் தண்ணீர் விட்ட பசும்பால் நாலு பாட்டில், ரசம் சாதம், டீயில் நனைத்த பிஸ்கட். அவன் வயிறு அவன் கைப்பிடி அளவுதான். தண்ணீரிலேயே நிரம்பிவிட்டால் சோற்றுக்கு எங்கே இடம்? பாட்டிலால் இரண்டு முறை வயிற்றால் வேறு போயிருக்கிறது. வயிற்றால் போகும்போது கஞ்சித் தண்ணியோடு நிறுத்துவது, நின்றதும் பழைய அளவுக்கே திரும்புவது, இதில்தான் பல பிள்ளைகள் இளைக்கிறார்கள். நின்ற பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, சோறுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் எனக்குப் பயம். 1986இல் ஏழு மாதப் பையன் ஒருவன், எடை ஏறவே இல்லை. அவன் அம்மாவை நான் எத்தனை நாள் திட்டியிருப்பேன், பிள்ளையைக் கவனிக்காமல் வயலுக்குப் போகிறாய் என்று. பால் குடிக்க ஆரம்பித்தால் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குவான், நெற்றியெல்லாம் வேர்க்கும். அவள் அதை என்னிடம் சொன்னாள், நான் வெயில் என்றேன். இதயத்தில் ஓட்டை இருந்தது. குடிக்கிற பாலெல்லாம் மூச்சு விடவே செலவாகிக்கொண்டிருந்தது. இரண்டு வயதைத் தாண்டவில்லை. அந்தப் பெண்ணை இன்றைக்கும் பஸ்ஸில் பார்த்தால் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அதனால் மந்திரிப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போ. நெஞ்சைப் பார்க்கச் சொல், ரத்தத்தின் அளவும் சிறுநீரும் பார்க்கட்டும். காய்ச்சல்கூட இல்லாமல் சிறுநீரில் கிருமி இருந்து பிள்ளையை இளைக்க வைப்பதுண்டு. வீட்டில் உன் சம்பந்திக்கு மாசக்கணக்காக இருமல் என்று எழுதினாயே, அவருக்குச் சளிப் பரிசோதனை முதலில். காசநோய் இருந்தால் சின்னப் பிள்ளையை எளிதில் பிடிக்கும்.

டாக்டர் வேறு எதுவும் இல்லை என்றால், பாட்டிலைத் தூக்கிப் போடு. தண்ணீர் கலக்காத பால், டம்ளரில், அதுவும் இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம். பருப்புச் சாதம் குழையக் கெட்டியாக, மேலே ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ. தினம் ஒரு முட்டை. டீயை மறந்துவிடு. மூன்று வேளைச் சோறு, நடுவில் இரண்டு தடவை வாழைப்பழமோ கிழங்கோ. துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டு, நாலு பிள்ளை வளர்த்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

மருமகளுக்கும் எடை பார்க்கச் சொல். உள்ளே இருப்பதும் உன் பேரப்பிள்ளைதான்.

கோபம் வந்தால் திட்டியாவது எழுது. எழுதும்போது அவன் எடையை ஒரு மூலையில் குறித்துவிடு.

உன்,
மல்லிகா