'அலட்சியம்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த நீரிழிவுக் கட்டுரையை வாசித்தேன். உணவுக் குறிப்புகள் பயனுள்ளவை. ஆனால் குளிசையை ஒழுங்காகப் போடாதவர்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில் 'அலட்சியம்' என்ற சொல் மூன்று தடவை வருகிறது. அந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

என் அக்காவுக்கு 64 வயது. மட்டக்களப்பு ஆரையம்பதியில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். 11 வருடமாகச் சீனி வருத்தம். விடியச்சாமம் மூன்று மணிக்கு எழும்பி மாக் குழைத்தால், கடைசித் தட்டு இறக்கி, கடைக்காரரின் காசுக் கணக்குப் பார்த்து, அவர் வாயில் ஏதாவது வைக்கப் பத்தரை, பதினொன்றாகிவிடும். கிளினிக் கொப்பியில் மெற்போமின் என்ற சீனிக் குளிசை 'காலைச் சாப்பாட்டுடன்' என்று எழுதியிருக்கிறது. "நேரம் தப்பிட்டு, இனி ராவைக்குப் போடுவம்" என்று விட்டுவிடுவார். மாதாமாதம் ஏச்சு வாங்குவார். "நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?" என்று ஒருவரும் கேட்டதில்லை. அங்குள்ளவர்களையும் நோக முடியாது. அந்த மேசையில் கொப்பிகள் அடுக்கியிருக்கும் உயரத்தைப் பார்த்தால், ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே பெரிது.

உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நீண்டகால நோயுள்ளவர்களில் சொன்னபடி மருந்தெடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 வீதம்தான். நான் கணக்குப் படிப்பித்தவன். வகுப்பில் பாதிப்பேர் ஒரே கணக்கில் பிழை விட்டால், படிப்பித்த விதத்தைத்தான் முதலில் பார்ப்போம்.

நினைத்தது ஏன் நடக்காமல் போகிறது என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜேர்மனிய உளவியலாளர் பீற்றர் கோல்விற்சர். "இனி ஒழுங்காகப் போடுவேன்" என்று நினைப்பது வேறு, "இது நடந்த உடனே இதைச் செய்வேன்" என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது வேறு என்கிறார். 2006இல் அவரும் பஸ்கால் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முடிச்சுப் போட்டவர்கள் நினைத்ததைச் செய்து முடித்தது தெளிவாகவே கூடியிருந்தது.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவர் கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் காத்தான்குடி நண்பர். அவர் ஆய்வு எதுவும் படித்தவரல்ல. "நோன்பு மாசத்துல ஒரு குளிசையும் தவறுறதில்ல சேர். டொக்டர் எழுதித் தந்தபடி ஸஹருக்கு (விடியமுன் சாப்பாட்டுக்கு) ஒண்டு, நோன்பு துறந்தா ஒண்டு. மத்த மாசத்துலதான் எல்லாம் குழம்பிப் போகுது" என்றார். அதே மனிதர், அதே குளிசை. நோன்பு மாதத்தில் மட்டும் அலட்சியம் எங்கே போய்விடுகிறது?

அக்காவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டோம். நேரம் மாற்றலாமா என்று டொக்டரிடம் கேட்டு, சரி என்ற பிறகு, குளிசை உறையைக் காசு டின்னுக்குள் வைத்தோம். கணக்கு முடிந்து காசை உள்ளே போடும்போது கையில் உறை தட்டுப்படும். அதை எடுத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவார். இரண்டு மாதத்தில் ஐந்து நாள் தவறியிருக்கிறார், அதில் மூன்று நாள் கோயில் திருவிழா. 21 நாளில் எந்தப் பழக்கமும் ஒட்டிவிடும் என்று பேஸ்புக்கில் சொல்வதை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, ஆளுக்காள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் நிற்கும் எண் 66. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் கண்டார்கள். இதைச் சொன்ன பிறகுதான் அக்காவின் முகம் தெளிந்தது. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்து, அடுத்த நாளும் விட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

பிரஷர்க் குளிசை வேறு கதை. அதற்குக் காசு டின் உதவவில்லை. பிடரி கனத்தால் மட்டும்தான் அக்கா அதைத் தொடுவார். பக்கத்து வீட்டு மாமிக்கு "பிரஷர் ஏறினா உங்களுக்குத் தெரியாது, போய் அளந்து பாருங்க" என்று புத்தி சொல்வதும் அவர்தான்! 1985இல் அமெரிக்காவில் ஹோவர்ட் லெவென்தால் குழுவினர் வெளியிட்ட ஆய்விலும் இதே கூத்து. பிரஷர் ஏறுவதை உடம்பால் உணர முடியாது என்று பெரும்பாலான நோயாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். உங்களுக்கு என்று கேட்டால், எனக்குத் தெரியும் என்றார்கள். மறதிக்கு உறையை இடம் மாற்றி வைக்கலாம். இந்த நம்பிக்கைக்கு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். ஏச்சு அதற்கும் மருந்தல்ல. வீட்டில் நான் ஏசிப் பார்த்தாயிற்று.

ஆகவே உங்கள் பக்கத்தில் எழுதும் வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், இவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார், எப்போது சாப்பிடுகிறார் என்று இரண்டு வரி எழுத இடம் விடச் சொல்லி எழுதுங்கள். செலவில்லாத வேலை.

இன்னொன்று. அதே கட்டுரையில் வந்த 'அந்தியில் 30 நிமிட வேக நடை' என்ற அறிவுரை நகரத்துக் கல்லடிக் கடற்கரைக்குப் பொருந்தும். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களில் அந்தி பட்டால் வயலோரம் யானை நிற்கும். அங்குள்ளவர்கள் எப்போது, எங்கே நடப்பது என்று அவர்களிடமே கேட்டு ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
ஆரையம்பதி.