வண்டிக்கு விலை முடிந்தது, கயல்

நீடாமங்கலம்
மாசி மாதம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். சம்பா அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டு இப்போதுதான் ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதி கேட்கும்போதே “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கூட வரும் ஃபாரங்களில், இதைப் படித்த பிறகு கையெழுத்துப் போடு.

உன் டீசல் ஸ்விஃப்ட் கார் 2,35,000 ரூபாய்க்கு முடிந்திருக்கிறது. “வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கப்பா, எதுக்கு இவ்வளவு நாள்?” என்று கேட்டாயே, அதற்கான பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் தஞ்சாவூரில் பழைய வண்டி வாங்கி விற்கிற ஒரு கன்சல்டிங் கடைக்காரர்தான் வந்து பார்த்தார். மீட்டரில் 2,14,000 கிலோமீட்டர் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஒன்று தொண்ணூறுக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மீட்டரை ஒரு எண்பத்தைந்தாயிரத்துக்குக் கொண்டு வந்துடலாம் சார், நம்மகிட்ட ஆள் இருக்கு, விலை நல்லா நிக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பெனி சர்வீஸில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டரைப் பதிந்துதான் பில் போடுகிறான். வண்டி நம்பரைச் சொல்லிக் கேட்டால் பழைய கணக்கு வந்துவிடும். எண்பத்தைந்தாயிரம் ஓடிய வண்டியில் ஸ்டீரிங் உறை வழுவழுவென்று தேய்ந்தும், கிளட்ச் பெடல் ரப்பர் மொட்டையாகியும் இருக்குமா? அது நம் ஊர் ரயில்வே கேட் செய்த வேலை. மன்னார்குடி ரயிலுக்கு இன்ஜினை மாற்றி மாட்டும்வரை நின்று நகர்ந்து நின்று நகர்ந்து எத்தனை கிளட்ச் பிளேட் போயிருக்கிறது! மீட்டரைக் குறைத்து ஏமாற்றினால் வாங்கியவன் தேடி வருவது கன்சல்டிங்காரரை அல்ல, ஆர்சியில், அதாவது பதிவுப் புத்தகத்தில், பெயர் இருக்கிற உன்னை.

டீசல் இன்ஜினுக்கு இரண்டு லட்சம் ஒரு கிழட்டு வயதே இல்லை என்பது என் அபிப்பிராயம். 1248 சிசி, ஃபியட் கம்பெனி வடிவமைத்த இன்ஜின். டாடா வண்டிகளிலும் அதுதான் ஓடியது. பெல்ட் கிடையாது, டைமிங் செயின். நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்திவிட்டதால், நல்ல டீசல் ஸ்விஃப்ட் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற ஆள் இந்தப் பக்கம் இன்னும் உண்டு. அந்த ஆள் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

நடுவில் ஒரு பையன் 2,50,000 தருகிறேன் என்று வந்தான். உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், சொந்த வண்டிக்கான வெள்ளை போர்டிலேயே வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் வாடகை ஓட்டப் போகிறானாம். பெயர் மாற்றுவதை “பார்த்துக்கலாம் சார், ஃபாரத்துல மட்டும் கையெழுத்து வாங்கிக் கொடுங்க” என்றான். சொந்த உபயோகத்துக்குப் போட்ட இன்சூரன்ஸில் வாடகை ஓட்டி விபத்தானால் கம்பெனிக்காரன் கையை விரித்துவிடுவான். வழக்கு, ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மேல் வரும். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டி பல கை மாறிப் போயிருந்தும், பதிவேட்டில் பெயர் இருந்தவர்தான் ஓனர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. நீ புனேயில் உட்கார்ந்துகொண்டு நாகப்பட்டினம் கோர்ட் சம்மனுக்குப் பதில் எழுத வேண்டுமா? பையனை காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடைசியில் வாங்குகிறவர் வலங்கைமான் பக்கம். அறுவடை மெஷின் ரிப்பேர் செய்கிறவர். “நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்” என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, விடியற்காலையில் வந்தார். பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கையை வைத்து, குளிர்ந்துதான் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே சாவியைத் திருப்பினார். ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாய்க்கு மேல் உள்ளங்கையைக் காட்டி, புகை அடிக்கிறதா என்று பார்த்தார். கால்மிதியைத் தூக்கி அடியில் இருந்த கார்ப்பெட்டை மோந்து பார்த்தார், வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று. மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிற நம் தாத்தா தோற்றார். அப்புறம் அடியில் படுத்து, முன் ஆக்ஸிலில் சுற்றியிருந்த எதையோ ஸ்க்ரூடிரைவரால் கிண்டி இழுத்தார். போன பங்குனியில் ரோட்டில் காயப்போட்ட உளுந்துச் செடி! கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, ஆக்ஸிலின் ரப்பர் உறையை ஓரத்தில் கிழித்திருக்கிறது. எனக்கே தெரியாது. அதற்கு ஐயாயிரம் குறைத்தார், நியாயம்தான்.

தெரிந்ததை எல்லாம் நானே சொல்லிவிட்டேன். கஜா புயலில் முருங்கை மரம் சாய்ந்து கூரைத் தகடு நெளிந்து டிங்கரிங் செய்தது, எலி வயரைக் கடித்துப் பின் கண்ணாடி ஏறாமல் நிற்பது, ஏசி மதியத்தில் திணறுவது எல்லாம். சொல்லச் சொல்ல அம்மா திண்ணையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கில் ஒவ்வொரு குறைக்கும் இரண்டாயிரம் போகிறது. ஆனால் அவர் ஏசிக்கும் கண்ணாடிக்கும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. வண்டி 2012 மாடல் என்பதால் 2027-ல் ஆர்சி முடிகிறது, எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து பசுமை வரி கட்டி ஐந்து வருஷம் புதுப்பிக்க வேண்டும், அந்தச் செலவு தன் தலையில் என்பதை மட்டும் சொல்லிக்காட்டினார்.

இப்போது உன் வேலை. பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29 இரண்டு பிரதி, ஃபாரம் 30 ஒன்று. வாங்குபவர் பெயர், விலாசம் எல்லாம் என் கையால் நிரப்பியிருக்கிறேன். காலியான ஃபாரத்தில் எந்தக் காலத்திலும் கையெழுத்துப் போடாதே. விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் தாமதம் வேண்டாம். பொங்கலுக்கு வந்தபோது ஃபாரம் 35-ல் கையெழுத்து வாங்கினேனே, அதை வைத்து ஆர்சியிலிருந்து பேங்க் பெயரை எடுத்தாகிவிட்டது. கடன் கட்டி முடித்ததும் அது தானாகப் போய்விடும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகாது.

பணம் உன் அக்கவுண்டுக்கே வரும். ரொக்கமாகத் தருகிறேன் என்றுதான் அவரும் சொன்னார். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வருமான வரிக்காரன் ரொக்கத்தை வாங்கினவனுக்குத்தான் அபராதம் போடுவான் என்றேன். ஒத்துக்கொண்டார். இருபதாயிரம் அட்வான்ஸ் வந்திருக்கும், பார்த்துச் சொல். மீதி வந்து, ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஃபாரம் கொடுத்த ரசீது என் கைக்கு வந்த பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும்.

நீங்கள் புது கார் எடுக்கப் போவதாக மாப்பிள்ளை சொன்னார். பழைய இன்சூரன்ஸில் கிளெய்ம் வாங்காமல் இருந்ததற்கு உனக்கு 50 சதவீதத் தள்ளுபடி சேர்ந்திருக்கிறது. அது வண்டியோடு போகாது, உன்னோடு வரும். விற்ற பிறகு கம்பெனியில் கேட்டு அந்தச் சான்றை வாங்கிவை, மூன்று வருஷம் வரை செல்லும். ஃபாஸ்டாக்கை அன்றைக்கே மூடிவிடு. இல்லாவிட்டால் அவர் திருச்சி போய் வர நீ டோல் கட்டிக்கொண்டிருப்பாய்.

டாஷ்போர்டில் நீ ஒட்டிய பிள்ளையாரை எடுக்கட்டுமா என்று அம்மா கேட்கிறாள். இருக்கட்டும் என்கிறார் வாங்குகிறவர். உன் இஷ்டம்.

இரண்டாவது சாவி உன்னிடம்தான் இருக்கிறது, அலமாரியில் தேடு. அது இல்லாவிட்டால் மீதிப் பணத்தில் மூவாயிரம் பிடிப்பேன் என்கிறார். ஃபாரத்தோடு அதே கவரில் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா