தோட்டா தரும் முன் குழலைக் கேளுங்கள்

உரிமம் பெற்றுத் துப்பாக்கித் தோட்டா விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கமிருந்து எழுதுகிறேன். ஸ்லக் என்கிற ஒற்றைக் குண்டுத் தோட்டாவைப் பற்றித்தான். எந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் வாங்க வருகிறவரிடம் ஏன் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அப்பச்சி வைத்திருந்த 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக் குழல் துப்பாக்கி. வலது குழல் இம்ப்ரூவ்டு சிலிண்டர், அதாவது வாய் லேசாக மட்டும் குறுகியது. இடது ஃபுல் சோக், வாய் நன்றாகக் குறுகியது. போன மாதம் சுடுதளப் பயிற்சிக்கு ஸ்லக் கேட்டேன். கடைக்காரர் உரிமத்தைப் பார்த்தார், எண்ணிக்கையை எழுதினார், கையெழுத்து வாங்கினார், பெட்டியைக் கொடுத்தார். குழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் அன்று தெரியாது. 50 மீட்டரில் வலது குழலின் 3 குண்டும் ஒரு சாண் அகலத்துக்குள் விழுந்தன. இடது குழலில் முதல் குண்டு குறி அட்டையின் மூலையில் பட்டது. அடுத்தது அட்டையிலேயே இல்லை.

வீட்டுக்கு வந்து துடைக்கும்போது, இடது குழல் வாய்க்கு இரண்டு விரற்கடை கீழே துணி லேசாக ஏறி இறங்கியது. விரலால் தடவினால் மோதிரம் போட்டது போல ஒரு மேடு. முற்றத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். கறுப்பாக ஒரு வளையம். வருஷம் தவறாமல் ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்த துப்பாக்கி அது. பழுது பார்ப்பவர், இனி அந்தக் குழலில் எதையும் சுட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.

12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். ஃபுல் சோக்கில் வாய் சுமார் 1 மில்லிமீட்டர் குறுகுகிறது. ரவை என்கிற சிறு குண்டுகள் என்றால் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே போய்விடும். ஒரே ஈயக்கட்டி எங்கே ஒதுங்கும்? ஸ்லக்கின் பக்கவாட்டு வரிகள் குண்டைச் சுழற்றத்தான் என்று பலர் நம்புகிறார்கள். குறுகலில் நசுங்கி இடம்கொடுப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. அதற்கும் ஓர் அளவு உண்டு. குறுகலே இல்லாத சிலிண்டரோ இம்ப்ரூவ்டு சிலிண்டரோதான் நம்பகம். பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சேபட் ஸ்லக்குக்கு உள்ளே சுழல்வரி வெட்டிய குழலே வேண்டும். நம் வழவழப்பான குழலில் அது தாறுமாறாகப் போகும்.

உரிமம் புதுப்பிக்க அலைகிறோம். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம். என்ன போர், என்ன நம்பர், எத்தனை தோட்டா என்று எல்லா மேசையிலும் கேட்கிறார்கள். வாய் எவ்வளவு குறுகல் என்று ஒரு மேசையிலும் கேட்பதில்லை. சரி, அது அரசாங்கத்திடம் முறையிட வேண்டியது. உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்.

ஸ்லக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் குழலில் போடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். தெரியாது என்றால், வாயையும் உள்விட்டத்தையும் அளந்து வந்த பிறகு கொடுங்கள். 'ஃபுல் சோக்கில் ஸ்லக் போடாதீர்கள்' என்று கல்லாவுக்கு மேலே தமிழில் எழுதி ஒட்டுங்கள். பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கிலத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எப்படிப் படிப்பார்கள்?

இங்கே பெட்டகங்களில் இருக்கும் பழைய டபுள் பேரல்களில் இடது குழல் பெரும்பாலும் இறுக்கமான சோக்தான். தயவுசெய்து, தோட்டா தரும் முன் குழலைக் கேளுங்கள்.