பள்ளி மெயில் வராமல் போனது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூன் 9 முதல் 27 வரை பள்ளியிலிருந்து அனுப்பிய மெயில்களில் பெரும்பாலானவை உங்களுக்கு வந்து சேரவில்லை. நீங்கள் எங்களுக்கு அனுப்பியவையும் எங்கள் கண்ணில் படவில்லை. தவறு எங்களுடையது. மன்னிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்கு எண்பது நாற்காலி போட்டிருந்தோம். வந்தவர்கள் பதினொரு பேர். "மெயிலை யார் சார் படிக்கிறார்கள்" என்று ஆசிரியர் அறையில் நானே சலித்துக்கொண்டேன். அந்தப் பதினொரு பேரும் பிள்ளைகள் சொல்லிக் கேட்டு வந்தவர்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கோடை விடுமுறையில் பள்ளியின் இணையதளத்தையும் மெயிலையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றினோம். பள்ளியின் இணையப் பெயருக்கு எந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்வது டிஎன்எஸ் பதிவுகள். பழைய பதிவுகளை அப்படியே நகலெடுத்துப் புதிய இடத்தில் போட்டுவிட்டோம். வினை அங்கேதான்.

அவற்றில் ஒன்று எஸ்பிஎஃப். எங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல் அது. எல்கேஜி பிள்ளையை யார் கூட்டிப் போகலாம் என்று வாசலில் வாட்ச்மேனிடம் ஒரு தாள் இருக்கிறதே, அது மாதிரி. எங்களுக்கோ பழையது ஒன்று, புதிய நிறுவனம் சேர்த்தது ஒன்று என இரண்டு தாள். ஒரு பெயருக்கு ஒரே எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. டிகேஐஎம் எனும் டிஜிட்டல் கையொப்பத்தையும் நாங்கள் போட்டிருக்கவில்லை. எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றுகூடச் சரியாக இல்லாத மெயிலை ஏற்பதில் 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் கண்டிப்பாக இருக்கின்றன. 550 என்று தொடங்கும் பிழைச் செய்தியோடு எங்கள் கடிதங்கள் திரும்பிவிட்டன.

திரும்பி வந்தது எங்களுக்கு ஏன் தெரியவில்லை? அடுத்த தவறு அதை மறைத்துவிட்டது. வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் பழையதாகவே இருந்தது. பழைய நிறுவனத்தில் சந்தா முடியாததால் அங்கே எங்கள் பெட்டி உயிரோடு இருந்து எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. திரும்பிய கடிதங்களும் அங்கே, உங்கள் கடிதங்களும் அங்கே.

எங்கள் கணினி ஆசிரியை அந்தப் பெட்டியைத் திறந்தபோது உங்களிடமிருந்து வந்த 63 கடிதங்கள் படிக்கப்படாமல் கிடந்தன. மூன்றாவது கடிதம், மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, பத்து நாள் விடுப்பு வேண்டும் என்று ஒரு தகப்பனார் எழுதியது. அந்தக் குழந்தையைத்தான் சொல்லாமல் லீவு போட்டாய் என்று வகுப்பில் நிற்க வைத்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு நானே போய்ப் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது இரண்டு எஸ்பிஎஃப் வரிகளையும் ஒன்றாக்கி, எம்எக்ஸை மாற்றி, டிகேஐஎம்மும் சேர்த்தாயிற்று. பழைய பதிவுகளை 86,400 விநாடி, அதாவது ஒரு நாள், மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கலாம் என்று அமைத்திருந்ததால் ஒரு நாள் காத்திருந்து சோதித்துப் பார்த்தோம். போகிறது, வருகிறது.

திரும்பிப்போன மெயில்கள் தானாக வராது. முக்கியமானவற்றை இன்று மீண்டும் அனுப்புகிறோம். ஸ்பேம் பெட்டியில் விழுந்திருந்தால் 'ஸ்பேம் இல்லை' என்று குறித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய 63 கடிதங்களையும் படித்துவிட்டோம், திரும்ப அனுப்ப வேண்டாம். பள்ளியின் பெயரில் புதிய வங்கிக் கணக்குக்குக் கட்டணம் கேட்டு மெயில் வந்தால் மட்டும் பணம் கட்டாமல் முதலில் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். எண் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

முதல் பருவக் கட்டணத்துக்கான கடைசி நாளை ஜூலை 15 வரை நீட்டித்திருக்கிறோம். அபராதம் கட்டியவர்களுக்கு அந்தத் தொகை திருப்பித் தரப்படும். ரசீதைக் கொண்டு வாருங்கள். பத்தாம் வகுப்புக் கூட்டத்தை மறுபடி நடத்துகிறோம். தேதியை இந்த முறை பிள்ளைகளின் டைரியிலும் எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்