போஸ்ட்டாக் தேடும் பிள்ளைக்கு: பாலக்கோட்டு நண்பனுக்குக் கடிதம்

கிருஷ்ணகிரி

அன்புள்ள மாதப்பா,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குப் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தாய். மானாவாரிக் கேழ்வரகுக்கு உழுது வைத்துவிட்டாய் என்பதில் சந்தோஷம். இங்கே பெங்களூரா மாங்காய் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது.

பாப்பா முனைவர் பட்ட வைவா (வாய்மொழித் தேர்வு) முடித்தது பெரிய விஷயம். போஸ்ட்டாக்குக்கு ஒரே பயோடேட்டாவை நூறு பேருக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல். ஐந்து ஆய்வகம் போதும். ஒவ்வொன்றின் சமீபக் கட்டுரைகளையும் படித்து, அவர்கள் தொடாமல் விட்ட ஒரு கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதட்டும். அதுதான் வேலை வாங்கித் தரும்.

கேள்வி நம் தட்டிலேயே இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம். 2023 முதல் உங்கள் தர்மபுரி மாவட்ட ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக அதைத்தான் தருகிறார்கள். ஆனால் அதில் இயல்பாகவே உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. முளைகட்டினால் எவ்வளவு விடுபடும், களியாகக் கிண்டினால் எவ்வளவு?

இதற்கு இன்ஃபோஜெஸ்ட் முறை உண்டு, செரிமானத்தை ஆய்வகக் குப்பியில் நடத்திப் பார்ப்பது: 37 டிகிரியில் வாய்க் கட்டம் 2 நிமிடம், இரைப்பை பி.எச். (அமிலத்தன்மை அளவு) 3-இல் 2 மணி நேரம், சிறுகுடல் பி.எச். 7-இல் 2 மணி நேரம். சறுக்குவது எங்கே தெரியுமா? அந்தச் செயற்கைச் செரிமான நீரிலேயே கால்சியம் குளோரைடு சேர்க்கிறார்கள். மாவு போடாத வெற்று மாதிரி ஒன்றையும் கூடவே ஓட்டிக் கழிக்காவிட்டால், கேழ்வரகின் கணக்கில் குப்பியின் கால்சியமும் ஏறிவிடும். பிறகு கால்சியத்தை அணு உறிஞ்சல் கருவியில் அளக்கும்போது, மாதிரியில் உள்ள பாஸ்பேட் கால்சியத்தின் அளவைக் குறைத்துக் காட்டும். அதைத் தடுக்க லாந்தனம் சேர்த்தே அளக்க வேண்டும். இந்த இரண்டையும் கடிதத்தில் எழுதினால், கை பழகிய பிள்ளை என்று பேராசிரியருக்கு உடனே புரிந்துவிடும்.

பண விஷயம். புராஜெக்ட்டில் ரிசர்ச் அசோசியேட் என்றால் மத்திய அரசு விகிதம் 2023 முதல் மாதம் 58,000-இல் தொடங்குகிறது, வீட்டு வாடகைப்படி தனி. சேருமுன் புராஜெக்ட் முடியும் தேதியைக் கேட்டே ஆக வேண்டும். எட்டு மாதம் மிச்சமிருக்கும்போது சேர்ந்தால் கட்டுரை எழுதுவதற்குள் சம்பளம் நின்றுவிடும். தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப் இரண்டு வருடம். வயது வரம்பு 35, பெண்களுக்கு 5 வருடத் தளர்வு. ஐரோப்பா போக மேரி கியூரி ஃபெலோஷிப்: விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் முடியும், எனவே பேராசிரியருக்கு மார்ச்சிலேயே எழுத வேண்டும்.

எங்கே போனாலும், வேளாண் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான ஏ.எஸ்.ஆர்.பி. நெட் எழுதிவிடட்டும். வேளாண் விஞ்ஞானிப் பணித் தேர்வு தனி, அதற்கு வயது வரம்பு உண்டு. வெளிநாட்டில் இரண்டு வருடம் இருந்து திரும்பும்போது அந்தக் கதவு மூடியிருக்கக் கூடாது.

இன்னொன்று. முன்னோட்டச் சோதனைக்குச் சந்தைக் கேழ்வரகு வேண்டாம். பல ரகம் கலந்திருக்கும், அடுத்த மூட்டையில் அதே எண் வராது. பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் ரகத்தின் பெயரோடு விதை கேட்டுப் பார்க்கட்டும். கடித வரைவை எனக்கு அனுப்பச் சொல், வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
முனிராஜ்