பகலில் தனியார், இரவில் என்.எச்.எஸ்.: எங்கள் கோப்பு யாரிடம் இருக்கிறது?

எங்கள் பகுதி என்.எச்.எஸ். மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும், எனக்கு அறுவைச் சிகிச்சையும் கீமோவும் கொடுத்துவரும் தனியார் மருத்துவமனையினருக்கும், அதற்குப் பணம் கட்டும் காப்பீட்டு நிறுவனத்தினருக்கும்,

வணக்கம்.

மூவருக்கும் ஒரே மடலாக எழுதக் காரணம் உண்டு. தனித்தனியாக எழுதியபோது ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கைகாட்டினீர்கள். இதன் ஆங்கிலப் பிரதி உங்களுக்கு மின்னஞ்சலில் வந்திருக்கும். இங்கிலாந்துக்கு விசாவில் வந்து, மார்பில் கட்டி என்று தெரிந்ததும் என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையா தனியாரா என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் நம் பெண்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன். என் புகார் உங்களுக்குத் தெரியும்: மார்பகப் புற்றுநோய்க்குத் தனியாரில் சிகிச்சை எடுக்கும் நான் அவசரத்துக்கு என்.எச்.எஸ். பக்கம் போனால், என் கோப்பு அங்கே இருப்பதில்லை. நேராக அந்த இரவுக்கு வருகிறேன்.

கீமோ ஏறிய அடுத்த வாரம், நள்ளிரவு தாண்டி எனக்குக் காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ். வெப்பமானி 38ஐத் தொட்டாலே தாமதிக்காமல் அழைக்க வேண்டும் என்று தனியார் மருத்துவமனை கொடுத்த எச்சரிக்கை அட்டையில் அச்சிட்டிருக்கிறது. அழைத்தோம். பேசிய செவிலியர் கனிவானவர். "எங்களிடம் அவசரப் பிரிவு கிடையாது, பக்கத்து என்.எச்.எஸ். அவசரப் பிரிவுக்கு உடனே போய்விடுங்கள்" என்றார். போனோம்.

வரவேற்பு மேசையில் இருந்தவரின் கணினியில் என் பெயர் இருந்தது, முகவரி இருந்தது, குடும்ப மருத்துவர் என்னை மார்பகப் பிரிவுக்கு அனுப்பிய குறிப்பும் இருந்தது. அதன் கீழே, நோயாளி தனியார் சிகிச்சைக்குச் சென்றுவிட்டார் என்று ஒரு வரி. அதோடு என் கதை முடிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை இல்லை, கீமோ இல்லை, அந்தக் கணினியைப் பொறுத்தவரை எனக்குப் புற்றுநோயே உறுதியாகவில்லை. "உட்காருங்கள், கூப்பிடுவோம்" என்றார். நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் கீமோவால் தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கும் வாரத்தில், இருமிக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கணவர் அட்டையை நீட்டிக் குரலை உயர்த்திய பிறகுதான் ஒரு செவிலியர் எட்டிப்பார்த்து, முகம் மாறி, உள்ளே அழைத்துப் போனார்.

உள்ளே இருந்த இளம் மருத்துவர் கேட்டது நியாயமான கேள்வி: என்ன மருந்து, என்ன அளவு, எத்தனையாவது சுற்று? தனியார் மருத்துவமனையின் கோப்பு அவர் திரையில் திறக்காது. இரவு உதவி எண்ணில் இருந்தவரும் கோப்பு காலையில்தான் கிடைக்கும் என்றார். கடைசியில் உதவியது என் கணவரின் கைப்பேசி. ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் நாத்தனாருக்கு அனுப்புவதற்காக, கம்பியில் தொங்கிய மருந்துப் பையின் சீட்டை அவர் படம் எடுத்து வைத்திருந்தார். மருத்துவர் அந்தப் படத்தை இரு விரலால் விரித்து, மங்கிய எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்துக் குறித்துக்கொண்டார். ஆன்டிபயாடிக் ஏறியது. பிழைத்தேன். கீமோ எடுப்பவருக்கு இப்படிப்பட்ட காய்ச்சல் வந்தால் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் உடனே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது, இங்கே சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல். உங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். வரவேற்பு மேசைக் கணினிக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இதற்குப் பின்குறிப்பும் உண்டு. அந்த இரவின் அறிக்கை முறைப்படி என் குடும்ப மருத்துவருக்குப் போய்ச் சேர்ந்தது, கீமோ கொடுக்கும் மருத்துவருக்குப் போகவில்லை. அடுத்த சந்திப்பில் அவர் சிரித்த முகத்தோடு, "இந்த முறை தொந்தரவு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார்.

நான் கேட்பது ஒன்றுதான். சிகிச்சை தொடங்கும் முன்பே, நீங்கள் மூவரும் ஒப்புக்கொண்ட ஒரு தாளை எங்கள் கையில் கொடுங்கள். எந்தக் கட்டம் யாருடையது, எதுவரை காப்பீடு, அதன் பிறகு யார், நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் எந்தக் கதவு, அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு எங்கள் கோப்பு எப்படிப் போகும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

ஊரில் ஸ்கேன் எடுத்தால் படத்தைப் பெரிய உறையில் போட்டு நம் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். பீரோ மேல் அடுக்கி வைத்திருப்போம், எந்த மருத்துவரிடம் போனாலும் கட்டோடு தூக்கிக்கொண்டு போவோம். பழைய பாணிதான். ஆனாலும் கோப்பு எங்கே என்ற கேள்வியே அங்கே எழாது. இங்கே எல்லாம் கணினியில் பத்திரமாக இருக்கிறது, கேட்கும் இடத்தில் மட்டும் இருப்பதில்லை.

"எதற்குத் தனியாருக்குப் போனீர்கள்?" என்று உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். பதில் சொல்கிறேன். பரிந்துரையிலிருந்து 62 நாளுக்குள் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று என்.எச்.எஸ். தானே விதித்துக்கொண்ட இலக்கு இருக்கிறது. நூற்றுக்கு 85 பேருக்காவது அது நிறைவேற வேண்டும். இங்கிலாந்து முழுவதற்குமாக அது கடைசியாக எட்டப்பட்டது 2015 டிசம்பரில். மார்பில் கட்டியோடு இருப்பவளிடம் காப்பீட்டு அட்டையும் இருந்தால் அவள் எந்தப் பக்கம் நடப்பாள்? தனியாரில் வேகம் உண்மைதான், அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் காசு கொடுத்தால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் என்று ஊரில் பழகிய கணக்கு இங்கே செல்லாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. எனக்கு அறுவைச் சிகிச்சை செய்தவரே வாரத்தின் மற்ற நாட்களில் உங்கள் என்.எச்.எஸ். மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறார். ஆள் இரு பக்கமும் போகிறார், கோப்பு போகாதாம்.

தனியார் சிகிச்சையும் என்.எச்.எஸ். சிகிச்சையும் தனித்தனியே நடக்க வேண்டும் என்ற விதியைக் காரணம் காட்டினீர்கள். 2009இல் வந்த அந்த வழிகாட்டுதலை நானும் படித்தேன். கூடுதலாகப் பணம் கட்டி எதையாவது பெற்றுக்கொண்டாலும் ஒருவரின் என்.எச்.எஸ். உரிமை பறிபோகாது என்று சொல்வதற்காக வந்தது அது. செலவுகள் கலக்கக் கூடாது என்பதற்காகப் பிரித்தார்கள். ஒரு பெண்ணின் கீமோ விவரத்தை மறைத்துவைக்கச் சொல்லி அதில் எங்கேயும் இல்லை.

காப்பீட்டு நிறுவனத்தினரே, உங்களிடம் வருகிறேன். "முழுமையான புற்றுநோய்க் காப்பு" என்று கையேட்டின் அட்டையில் போட்டிருக்கிறீர்கள். கீமோ முடிந்தபின் நான் 5 ஆண்டு, ஒருவேளை 10 ஆண்டு, புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் டாமாக்சிஃபென் மாத்திரை விழுங்க வேண்டும். அதை எழுதித் தரப்போவது என்.எச்.எஸ். குடும்ப மருத்துவர். புற்றுநோயாளிக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது, விலக்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்பதைக்கூட எனக்குச் சொன்னவர் தெரு முனை மருந்துக்கடைக்காரர். அது 2009 முதல் இருக்கும் சலுகை. அதைவிடப் பெரிய கவலை வேறு. இந்தக் காப்பீடு என் கணவரின் வேலையோடு ஒட்டியது. அவர் வேலை போனால் காப்பீடு போகும், வேலை கொடுத்தவர் விலகினால் விசாவும் பெரும்பாலும் 60 நாளாகச் சுருங்கும். பாதிக் கீமோவில் அப்படி ஆனால் நான் எந்த வரிசையில், எந்த இடத்தில் நிற்பேன்? இதைக் கேட்டதற்கு, "அப்படி நடந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றீர்கள்.

இன்னொன்றும் மனத்தை அறுக்கிறது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே சுகாதாரக் கட்டணம் என்று பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776 பவுண்டு முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். 2015இல் பெரியவருக்கு அது 200ஆக இருந்தது. கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஐந்து ஆண்டு விசா என்றால் 14,230 பவுண்டு. அதற்கு மேல் மாதாமாதம் சம்பளத்தில் வரிப் பிடித்தம், நிறுவனம் எடுத்துக்கொடுத்த காப்பீட்டுக்கும் சலுகை என்று வரி. இவ்வளவு கட்டியபின் காய்ச்சலோடு போய் நின்றால், "நீங்கள் தனியாருக்குப் போய்விட்டீர்களே" என்கிறது கணினி. அந்தக் கணினிக்கு எங்கள் கட்டண ரசீதைக் காட்ட வழியிருந்தால் சொல்லுங்கள், அதையும் மடித்து அட்டையோடு வைத்துக்கொள்கிறேன்.

சுகாதாரக் கட்டணத்தை விதித்தவர்கள் நீங்கள் அல்ல, தெரியும். உங்கள் செவிலியர்கள் யார்மீதும் எனக்குக் குறை இல்லை. அந்த இரவு என்னை உள்ளே அழைத்துப் போனவருக்கு நன்றி சொல்லித் தனியே எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் பணிவாகக் கேட்பது அந்த ஒரு தாளைத்தான். என்.எச்.எஸ். நிர்வாகத்தினர், பரிந்துரை தனியாருக்குப் போனாலும் 'புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறார்' என்ற குறிப்பு எங்கள் பதிவிலிருந்து அழியாமல் இருக்க ஏற்பாடு செய்யுங்கள். தனியார் மருத்துவமனையினர், ஒவ்வொரு கீமோ முடிந்ததும் மருந்தின் பெயரையும் அளவையும் குடும்ப மருத்துவருக்கும் பக்கத்து அவசரப் பிரிவுக்கும் அன்றே அனுப்புங்கள், எங்கள் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். காப்பீட்டு நிறுவனத்தினர், வேலை போனால் என்ன ஆகும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால், அரசா தனியாரா என்று முடிவெடுக்க எங்களுக்குத் தெரியும்.

என் அடுத்த கீமோ இந்த மாதக் கடைசியில். அதற்கு முன் பதில் வந்தால் நல்லது. பதில் எழுதும்போது, தயவுசெய்து, மற்ற இருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மூவரின் பதிவேட்டிலும் மூன்று வெவ்வேறு எண்களில் இருக்கும் ஒரே நோயாளி