பின்வரிசை ஏசி பழுதைச் சோதிக்காமலே பார்ட் மாற்றியது தொடர்பான புகார்

அனுப்புநர்:
ஏழு சீட்டர் வண்டியின் உரிமையாளர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: தேவையில்லாமல் மாற்றிய பார்ட்டுக்கும் நிரப்பிய கேஸுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

உங்கள் கம்பெனியின் ஏழு சீட்டர் வண்டியில், பின்வரிசைக்குத் தனி ஏசி கண்ட்ரோல் உள்ள டாப் மாடல் என்னுடையது. அந்த வசதிக்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்து எடுத்தேன். அம்மாவை மாதாமாதம் திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகவேண்டும். மார்த்தாண்டம் தாண்டினால் களியக்காவிளை வரை வண்டி ஊர்ந்துதான் போகும். அம்மாவுக்கு முழங்கால் வலி, காலை நீட்டிப் பின்னால்தான் உட்காருவார்.

முன்சீட்டில் ஜில்லென்று இருக்கும்போதே பின்னால் அனல்காற்று வருகிறது. டிஸ்பிளேயில் 20 டிகிரி என்று காட்டும். வெண்ட்டில் கை வைத்தால் சுடும். எப்போதும் அப்படி இல்லை. ஏசி நெடுநேரம் ஓடிய பிறகு வரும், மழைநாளில் இன்னும் அதிகம். இதையெல்லாம் முதல் தடவையே உங்கள் சர்வீஸ் சென்டரில் விளக்கமாகச் சொன்னேன். அட்வைசர் தலையாட்டிவிட்டு ஜாப் கார்டில் 'ரியர் ஏசி நாட் கூலிங்' என்று மூன்று நான்கு வார்த்தைதான் எழுதினார். எப்போது வருகிறது, எப்போது சரியாக இருக்கிறது என்பது பற்றி ஒரு வரி கூட இல்லை. மெக்கானிக் கைக்குப் போவது அந்தக் கார்டுதானே.

முதலில் கேஸ் குறைவு என்றார்கள். நிரப்பினார்கள். ரூ. 2,950. கேஸ் குறைந்தால் குளிர் குறையும், அனல் அடிக்காது. முன்னால் இருக்கும் ஏசிக்கும் பின்னால் இருக்கும் ஏசிக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான், கேஸும் ஒன்றுதான். முன்னால் குளிர் கொஞ்சமும் குறையாதபோது எதைப் பார்த்துக் கேஸ் நிரப்பினார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அனல் திரும்ப வந்தது. அப்புறம்தான் ஸ்கேனரை மாட்டினார்கள். 'பி' (B) எழுத்தில் தொடங்கும் எரர் கோடு ஒன்று வந்தது. பின்வரிசையில் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் ஏர் மிக்ஸ் கதவு எங்கே நிற்கிறது என்று சொல்லும் பொசிஷன் சிக்னல் சர்க்யூட்டில் கோளாறு என்று அதற்கு விளக்கம். "ஆக்சுவேட்டர் போயிருக்கு சார், மாத்திடலாம்" என்று அட்வைசர் சொல்லிவிட்டார். அந்தக் கதவை நகர்த்தும் சிறு மோட்டார்தான் ஆக்சுவேட்டர். பார்ட்டும் கூலியும் சேர்த்து ரூ. 11,640. வாரண்டி முடிந்த வண்டி என்பதால் முழுப் பணமும் என் கையில் இருந்து போனது. பழைய பார்ட்டைக் கேட்டேன், ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரிண்ட் கேட்டேன், கஸ்டமருக்குத் தருவதில்லை என்றார்கள்.

அடுத்த மழையில் அதே கோடு, அதே அனல். இந்தத் தடவை ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டியான கண்ட்ரோல் மாடியூலே போய்விட்டது என்று ரூ. 38,000-க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். பல்பு மினுக்கினால் ஹோல்டரைத் தொட்டுப் பார்க்காமல் ஈபி மீட்டரை மாற்றச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாமல் வண்டியைத் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கொண்டு போனேன். அவரிடம் இருந்தது ஒரு ஸ்கேனர், ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச் லைட். கோடு வந்ததும் அவர் பார்ட்டைக் கழற்றவில்லை, ஸ்கேனரில் அந்தந்த நொடியின் ரீடிங்கைக் காட்டும் லைவ் டேட்டாவைத் திறந்தார். டெம்பரேச்சர் பட்டனை மேலும் கீழும் மாற்றச் சொல்லி, கதவின் பொசிஷன் வோல்டேஜ் எப்படி நகர்கிறது என்று பார்த்தார். நகர்ந்தது, ஆனால் திடீர் திடீரென்று குதித்தது. மூன்றாம் வரிசை சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, வயரிங்கைக் கையால் லேசாக ஆட்டினார். ஆட்டும்போதெல்லாம் ரீடிங் குதித்தது.

"சாரே, மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. இந்தப் பிளக்கப் பாருங்க" என்று சாக்கெட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பிளக்கின் உள்ளே இருக்கும் உலோகப் பின் (pin) ஒன்றில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கிரவுண்டு வயரின் பின் அது. பக்கத்தில் இருந்த பின்கள் பளபளவென்று இருந்தன. காரணமும் ஒரு சாண் மேலேயே இருந்தது. பின் ஏசியில் சேரும் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் மண்ணும் பஞ்சும் சேர்ந்து அடைத்துப்போய், தண்ணீர் வழிந்து வயரிங் மேலேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஏசி நெடுநேரம் ஓடினால் ஏன் வந்தது, மழைநாளில் ஏன் அதிகமாக வந்தது என்பதெல்லாம் அங்கேயே விளங்கிவிட்டது. காற்றில் ஈரம் கூடினால் ஏசியில் இறங்கும் தண்ணீரும் கூடும். நான் முதல் நாள் சொன்னதை ஜாப் கார்டில் எழுதியிருந்தால் உங்கள் ஆட்களும் அங்கேதான் போய் நின்றிருப்பார்கள்.

குழாயை ஊதிச் சுத்தம் செய்து, பின்னை மாற்றி, கதவு இரண்டு முனை வரையும் போய் வரும்படி கேலிபிரேஷன் செய்து கொடுத்தார். ரூ. 900 வாங்கினார். அதற்குப் பிறகு நல்ல மழையிலும் ஓட்டிவிட்டேன், கோடு வரவில்லை.

உங்கள் டெக்னீஷியன்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. எரர் கோடு சொல்வது எந்த சர்க்யூட்டில் கோளாறு என்பதைத்தான். அந்த சர்க்யூட்டில் பார்ட்டும் இருக்கிறது, வயரும் இருக்கிறது, பிளக்கும் இருக்கிறது, மாடியூலும் இருக்கிறது. இதில் எது என்று பார்ப்பதற்குத்தான் மீட்டர். மாடியூலில் இருந்து 5 வோல்ட் சப்ளை வருகிறதா, கிரவுண்டு சரியா, கதவு நகரும்போது சிக்னல் சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் கூட ஆகாது. ஆக்சுவேட்டர் கழற்றும்போது அந்தப் பிளக்கைக் கையில் பிடித்துத்தானே பிடுங்கியிருப்பார்கள்? அப்போது கூட ஒருவர் கண்ணிலும் பச்சை படவில்லையா?

இதையெல்லாம் சொல்லிக் கேட்டபோது உங்கள் சர்வீஸ் மேனேஜர் கொடுத்த பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள், உப்புக்காற்றில் துரு பிடிக்கும், கம்பெனி என்ன செய்ய முடியும், அதுவும் வெளி ஆளைத் தொட விட்டிருக்கிறீர்கள் என்றார். கன்னியாகுமரி மாவட்டத்துக்குக் கடற்கரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர். நீரோடியில் இருந்து கன்னியாகுமரி வரை கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கு நீங்கள் வண்டி விற்காமல் இல்லை. உப்புக்காற்று உள்ள ஊர் என்று தெரிந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது பிளக்கைத்தானே? வெளி ஆள் தொட்டது உங்கள் ஆட்கள் பணம் வாங்கிய பிறகு, பழுது தீராத பிறகு.

நான் கேட்பது இவ்வளவுதான். ஆக்சுவேட்டருக்கு வாங்கிய ரூ. 11,640, கேஸுக்கு வாங்கிய ரூ. 2,950 இரண்டையும் திருப்பித் தாருங்கள். எலக்ட்ரீசியனுக்கு நான் கொடுத்த பணத்தைக் கேட்கவில்லை, அது நியாயமான கூலி. வண்டியில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டுகளின் நகல் வேண்டும். மாடியூல் மாற்ற வேண்டும் என்று எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தீர்கள், அப்போது வந்த ரீடிங் என்ன என்பதை எழுத்தில் தாருங்கள். இதே மாடலில் டிரெயின் குழாய் அடைப்பு வேறு வண்டிகளிலும் வந்திருக்கிறதா என்று பார்த்து, வழக்கமான சர்வீஸில் அதைச் சுத்தம் செய்வதைச் சேர்த்தால் நல்லது. இது கோரிக்கை இல்லை, யோசனை.

30 நாளுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனுக் கொடுப்பேன். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள விவகாரத்துக்கு மனுக் கட்டணம் கிடையாது என்பதும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு பில்கள், எஸ்டிமேட், ஜாப் கார்டு நகல்கள், பச்சை பூத்த பின்னின் போட்டோ, ரீடிங் குதிக்கும் வீடியோ ஆகியவற்றை இணைத்துள்ளேன். மாற்றிய பழைய பின் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆள் வந்தால் காட்டுவேன், கையில் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வண்டியின் உரிமையாளர்,
குளச்சல்.